கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவன்

இருபத்தாறு வருஷமாக நான் படித்துச் சம்பளம் வாங்குகிறவன். இப்படிச் சொன்னால் பேராசிரியர் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் படிப்பது கோப்பு. தில்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு கீழிருந்து மேலே ஏறி வரும். ஒவ்வொரு மேஜையிலும் ஒருவர் குறிப்பு எழுதிச் சேர்ப்பார். சார்புச் செயலாளராகிய என் மேஜைக்கு வரும்போது அது தலையணை உயரம் ஆகியிருக்கும். அதை முதல் பக்கத்திலிருந்து படித்தவன் எவனும் பதவி உயர்வு வாங்கினதாக எனக்குத் தெரியாது. கடைசிப் பக்கத்தைத் திறக்க வேண்டும், கடைசிப் பத்தியைப் பார்க்க வேண்டும், என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் பரீட்சை எழுதி, இன்டர்வியூ கொடுத்து, திருநெல்வேலியிலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்தேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பார்த்து அனுப்பிய கோப்பு ஒன்றிலிருந்து யாரோ ஒரு தாளை உருவிவிட்டு வேறொரு தாளைச் செருகிவிட்டார்கள். பழி என் தலையில் விழுந்தது. மூன்று மாதம் விளக்கம் எழுதியே கை ஓய்ந்தது. அன்றிலிருந்து படித்த ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் ஒரு இனிஷியல் போட்டு, அதன் அடியில் தேதியும் போடுவேன். நான் போடுவதில்லை, கை போட்டுவிடும். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடத்து சர்க்குலர், இருமல் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் எறும்பெழுத்துத் தாள், எதுவும் தப்பாது. "நல்லவேளை, கல்யாணத்தன்னைக்கு ஒங்க கைல பேனா இல்ல. இருந்திருந்தா குங்குமத்துக்குப் பக்கத்துல இனிஷியல் போட்டிருப்பீங்க" என்பாள் என் மனைவி. அவள் வங்கியில் வேலை செய்கிறவள். அவளும் நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுகிறவள்தான், ஆனால் வீட்டுக்கு வந்தால் கையைக் கழுவிவிடுவாள்.

வீடு மோதி பாக் அரசுக் குடியிருப்பில். கதவுக்கு உள்ளே திருநெல்வேலித் தமிழ், கதவுக்கு வெளியே இந்தி. எங்களுக்கு ஒரே மகள். தில்லியில் பிறந்தவள். "வாரேன், போறேன்லா" என்று பாளையங்கோட்டைக்காரி மாதிரி ஆரம்பித்து "யார், மத்லப்" என்று இந்தியில் கரோல் பாக்காரி மாதிரி முடிப்பாள். தமிழ் வாசிக்க வராது. வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சியில் அவளுக்கென்று தமிழ்ப் புத்தகங்கள் வாங்கி வருவேன். அவை அலமாரியில் ஒரு பக்கம்கூட மடங்காமல் நிற்கின்றன. தூசி தட்டுகிற அன்றைக்கு மட்டும் வெளியே வரும். அவற்றிலாவது நான் இனிஷியல் போட்டிருக்கலாம், நானும் படிக்கவில்லை.

பதினைந்து வயதில் அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சண்டை எதுவும் இல்லை. ம், ஓகே, பஸ். பஸ் என்றால் இந்தியில் போதும். இந்த மூன்று சொல்லுக்குள் எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும் அடங்கிவிட்டது. சாப்பிட்டியா? ம். பரீட்சை எப்படி? ஓகே. இன்னும் ரெண்டு தோசை? பஸ். அலுவலகத்தில் என் கீழே வேலை பார்க்கிற பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பார்கள். வீட்டில் இவள் காதிலிருந்து ஒயரைக்கூட எடுக்கமாட்டாள். எனக்கு வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் புத்தகம். சோபாவில் கிடந்தது. ஆங்கிலத்தில், பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதிய மாயாஜாலக் கதை. அட்டையில் ஒரு படகு, ஒரு பெண், பின்னால் தேவையில்லாத அளவுக்கு மூடுபனி. இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கண்டிக்கிற உத்தேசத்தில்தான் மெட்ரோவில் எடுத்துக்கொண்டு போனேன். ஐ.என்.ஏ.வில் ரயில் மாற வேண்டியவன் லாஜ்பத் நகரில் போய்த் தலையைத் தூக்கினேன். அரசாங்க வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். காரணம் கேட்டார்கள். பல்வலி என்றேன்.

கதை இதுதான். ஒரு தீவில் காற்றைக் கூப்பிட்டால் வரவழைக்கக்கூடிய ஒரு பெண். அவளை அக்கரைக்குக் கொண்டு சேர்க்கிற ஒரு படகுக்காரன். வயது பத்தொன்பது, வாய் நீளம், வேலை நேர்மை. முதல் புத்தகத்தின் முடிவில் அவளைத் தப்பவைப்பதற்காக அவன் மட்டும் பகைவர்களின் தீவை நோக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டு மூடுபனிக்குள் போய்விடுகிறான். அதோடு புத்தகம் முடிந்துவிட்டது. என்ன அநியாயம்! கடைசிக் குறிப்பே இல்லாத கோப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ஏம்மா, அந்தப் படகுக்காரன் செத்துட்டானா?"

காதிலிருந்து ஒயர் வந்தது. இரண்டு காதிலிருந்தும். "எப்பா, நீங்க அத படிச்சீங்களா?"

அதன் பிறகு அவள் பேசியதைக் கேட்க வேண்டுமே. ஒரு மாதம் நிற்கவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளிடம் பதினான்கு சான்றுகள் இருந்தன. நான் ஒவ்வொன்றாக மறுப்பேன், அவள் பக்கம் எடுத்துக் காட்டுவாள். துடுப்பு என்ற சொல்லை அவள் அப்போதுதான் கற்றுக்கொண்டாள். கரை, நீரோட்டம், பாய்மரம் எல்லாம் வந்தன. அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகம் வாங்கி நான் சாதிக்காததை ஒரு ஆங்கிலப் படகுக்காரன் சாதித்துவிட்டுப் போனான். முதல் புத்தகத்தில் நான் பென்சிலால் போட்டிருந்த இனிஷியல்களைப் பார்த்துவிட்டுக் குதித்தாள். "என் புக் ஒங்க ஆபீஸ் ஃபைலா?" என்று ரப்பரைக் கையில் கொடுத்து அத்தனையையும் அழிக்க வைத்தாள். சந்தோஷமாக அழித்தேன்.

இரண்டாம் பாகம் வர இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷத்தில் ம், ஓகே, பஸ் மெதுவாகத் திரும்பி வந்துவிட்டன. ஆனால் அப்போதும், எப்போதாவது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவன் இருக்கான்ப்பா" என்பாள். "பாப்போம்" என்பேன். எங்களுக்குள் அது ஒன்றுதான் மிச்சம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. சென்னையில் ஒரு கல்லூரியில் சேரப்போகிறாள் என்று முடிவாயிற்று. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், நான் விட்டு ஓடிவந்த பக்கமாகவே கிளம்புகிறாள். நடுவில் இரண்டு மாதக் கோடை. அந்தக் கோடையில் இரண்டாம் பாகம் வெளிவருகிறது. நான் அதை எவ்வளவு எதிர்பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவள் போவதற்குள் எனக்கு இன்னும் ஒரு மாதப் பேச்சு கிடைக்கும்.

விதிமுறைகளை அவளே வகுத்தாள். முதலில் அவள் படிப்பாள். அவள் அடையாளச் சீட்டு வைத்த பக்கத்தைத் தாண்டி நான் போகக் கூடாது. எனக்கு முன்கூட்டியே எது தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. "ப்ராமிஸ்?" என்றாள். "ப்ராமிஸ்" என்றேன். நான் ஏழு நாடாளுமன்றக் கேள்விகளுக்கு உண்மையை வெளியே விடாமல் பதில் தயாரித்தவன். ஒரு கதைப் புத்தகத்தின் ரகசியம் என்னிடம் தங்காதா?

சனிக்கிழமை மதியம் கூரியர் வந்தது. அவள் ஹாஸ்டலுக்குத் துணி எடுக்கத் தோழிகளோடு சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். "பையா, ஏக் மினிட்" என்று இந்தியில் கூரியர்காரரை நிறுத்திக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வீட்டுக்கு வருகிற தபாலைப் பிரிப்பவன் நான்தான். பிரித்தேன். பேனா சட்டைப்பையில் இருந்தது. புத்தகம் கனமாக, அறுநூற்று நாற்பது பக்கம், புது அட்டை வாசனையோடு இருந்தது. கை என்ன செய்தது என்று சொல்லவும் வேண்டுமா? இருபத்தாறு வருஷமாகச் செய்ததைச் செய்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்தது.

கடற்கரை. கவிழ்த்து வைத்த படகு. அந்தப் பெண் அதன்மேல் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, துடுப்பைக் கல்லுக்கு அடியில் புதைக்கிறாள். "நீ இல்லாமல் இந்தக் கடலை நான் எப்படிப் பார்ப்பேன்?" என்று அழுகிறாள். முற்றும்.

போய்விட்டான். படகுக்காரன் போயே போய்விட்டான்.

நான் நின்றபடியே நின்றேன். கூலர் ஓடிக்கொண்டிருந்தும் வேர்த்தது. எனக்கு ஐம்பத்தொரு வயது. அரசாங்க அதிகாரி. எவனோ எழுதிய படகுக்காரனுக்குத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தேன். அதைவிட, இதை அவள் எப்படித் தாங்குவாள் என்று பயம் வந்தது. பழைய உறைக்குள்ளேயே புத்தகத்தைப் போட்டு, டேப்பைத் தேடி எடுத்து, மடிப்பு மாறாமல் ஒட்டினேன். அலுவலகத்தில் இந்தக் காரியத்தைச் செய்தவன் என் கையில் சிக்கியிருந்தால் அவன் இன்க்ரிமென்டை நானே நிறுத்தியிருப்பேன்.

மகள் வந்தாள், துணிப்பையைத் தூக்கிப் போட்டாள், புத்தகத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். நான்கு நாள் பொற்காலம். சாப்பிடும்போதும் புத்தகம். "எப்பா, அந்தக் கெழவி நல்லவ இல்ல பாருங்க." "எப்பா, காத்து இவ பேச்ச கேக்க மாட்டேங்குது." நான் எச்சரிக்கையாகத் தலையாட்டுவேன். படகுக்காரன் பெயர் வந்தால் மட்டும் சாம்பாரைப் பார்ப்பேன். முதல் இருநூறு பக்கத்தில் அவனைக் காணவில்லை. அவள் நகத்தைக் கடித்தாள்.

புதன்கிழமை எங்கள் இருவருக்கும் விடுமுறை. மதியம் மூன்று பேரும் கூலருக்கு முன்னால் தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்தாள். "இருக்கான்! எப்பா, இருக்கான்! ஜெயில ஒடச்சிட்டு வந்துட்டான்! நான் சொன்னேன்லா! நான் சொன்னேன்லா!" புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி ஆடினாள். ரெண்டு வருஷமாக அவள் மட்டும் நம்பி வந்தது பலித்துவிட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைப் பார்த்து என் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"பாவம்."

ஆட்டம் நின்றது. "ஏன் பாவம்?"

"இல்லம்மா... ஜெயில்லேருந்து வந்திருக்கான்லா. எளச்சிருப்பான்."

அவள் என்னையே பார்த்தாள். "கடைசிப் பக்கம் பாத்தீங்களா?"

"எந்தக் கடைசிப் பக்கம்?" என்றேன். இருக்கிற பதில்களிலேயே மட்டமான பதில் அதுதான். என் மனைவி தர்பூசணி விதையைத் துப்பாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"பாத்தீங்களா, இல்லியா?"

நாடாளுமன்றத்துக்குப் பதில் தயாரித்த வாய் ஒன்றுக்கும் உதவவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு வருஷம் வெய்ட் பண்ணேன்ப்பா. நானே தெரிஞ்சுக்கணும்னு இருந்தது இது ஒண்ணுதான். எனக்கு என்ன தெரியுமா? ஒங்களுக்கு எதையுமே முதல்லேருந்து கேக்கத் தெரியாது. நான் எது சொல்ல ஆரம்பிச்சாலும், 'சரி, கடைசில என்ன சொல்ல வார?'ன்னு கேப்பீங்க. ஸ்கூல்ல நடந்தது, ஃப்ரெண்டு கூட சண்ட, எது சொன்னாலும். அதான் சொல்லதையே விட்டுட்டேன்."

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளச் சீட்டை வைத்துப் புத்தகத்தை மூடினாள். கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "நீங்களே வச்சுக்கோங்க. இனிமே எனக்கு இது எதுக்கு?"

எனக்கு மிகவும் கேவலமாக இருந்தது. இதை அலங்காரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த மூன்று சொல் எங்கிருந்து வந்தது என்று வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். வயசு, செல்போன், தில்லித் தண்ணீர் என்று யார் யார் மீதோ குற்றம் சாட்டியிருந்தேன். குற்றவாளி மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் மன்னிப்புக் கேட்டேன். வெள்ளைத் தாளில், எண்ணிட்ட ஐந்து பத்தியில், நடந்தது, நடந்ததற்கான காரணம், இனி நடக்காது என்ற உறுதி. அவள் கதவிடுக்கு வழியாகத் தள்ளினேன். பத்து நிமிஷத்தில் தாள் அதே இடுக்கு வழியாகத் திரும்பி வந்தது. அடியில் ஒரு இனிஷியல், அதன்கீழே தேதி. வேறு ஒரு எழுத்து இல்லை. என் மகள்தான், சந்தேகமே இல்லை.

"கோட்டி புடிச்ச குடும்பம்" என்றாள் என் மனைவி. "நான் பாக்குத சீரியல்ல இந்த வம்பே கெடயாது. கடைசின்னு ஒண்ணு இருந்தாத்தான எவனாவது முன்னாடி போயிப் பாப்பான்?"

அன்றைக்கு நான் அந்தப் புத்தகத்தைக் கோப்பு அட்டை ஒன்றுக்குள் வைத்து, நாடாவால் கட்டி, அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் அட்டையைப் பிரித்து முதல் பக்கத்தைத் திறந்தேன். முதல் பக்கம் என்பது எவ்வளவு சிரமம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒன்றுமே நடக்கவில்லை. காற்று அடிக்கிறது, ஒரு கிழவி மீனை உலர்த்துகிறாள். விரல் தானாகக் கடைசிப் பக்கத்துக்கு ஓடும், அதைப் பிடித்து இழுத்து வைப்பேன். என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாமல் நாற்பது பக்கம் போவது இந்த வயதில் லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து பக்கம். சமோசா கொண்டுவருகிற கேன்டீன்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, என்னவோ பெரிய விசாரணைக் கோப்பு என்று சத்தமில்லாமல் தட்டை வைத்துவிட்டுப் போவார்.

செத்துப்போகப் போகிறவன் என்று தெரிந்தே ஒருவனைப் படிப்பது கொடுமை. அவன் ஜோக் அடித்தால்கூட எனக்குச் சிரிப்பு வராது. அவளுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும், அதனால்தானே மூடினாள் என்று புரிந்தது. வீட்டில் அவளோ பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். ம், ஓகே, பஸ்.

ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்து பத்து நிமிஷம் ஆனபோது, அறுநூற்று முப்பத்தொன்பதாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அதாவது கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம். அதில் படகுக்காரன் கடற்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கையில் கட்டு, மற்றபடி கல்லுக்குண்டாக இருந்தான். உப்புப் போதவில்லை என்று குறைவேறு சொன்னான்.

செத்தது படகு. அந்தத் தீவுகளில் படகுக்கு உயிர் உண்டு என்பதை நானூறாம் பக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். கடைசிப் போரில் அவர்களைக் காப்பாற்றிவிட்டுப் படகு உடைந்துபோகிறது. அந்தப் பெண் விளக்கேற்றி அழுதது படகுக்கு. படகுக்காரன் அவளுக்குப் பின்னால் நான்கடி தள்ளி இரண்டாவது குவளை கஞ்சியோடு நிற்கிறான் என்பது இந்த முந்தைய பக்கத்தின் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஒரே ஒரு தாளை நான் அன்றைக்குத் திருப்பியிருந்தால் போதும். அட முட்டாளே, ஒரே ஒரு தாள்!

அலுவலகம் என்று பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். மறுபடியும் பல்வலி என்றேன்.

வீட்டுக்கு ஓடினேன் என்றே சொல்லலாம். மெட்ரோவில் உட்காரக்கூட இல்லை. மோதி பாக் ஸ்டேஷனில் படி இறங்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. போய் என்ன சொல்வேன்? 'அவன் சாகவில்லை' என்றா? அது இன்னொரு கடைசிப் பக்கம் அல்லவா? முதலில் பொய்யான முடிவைச் சொல்லிக் கெடுத்தேன், இப்போது உண்மையான முடிவைச் சொல்லிக் கெடுக்கப் போகிறேன். சொல்லாவிட்டால் அவள் படிக்கவே மாட்டாள். சொன்னால் படிப்பதற்கு ஒன்றும் இருக்காது. அந்த வெயிலில் ஸ்டேஷன் வாசலில் கால்மணி நேரம் நின்றேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். "சவத்த சொல்லித் தொலைங்களேன். பிள்ள சந்தோசமா ஊருக்குப் போவும்லா" என்றாள். நியாயம்தான். மகள் ஊருக்குக் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் அந்தச் செய்தி என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவன் உயிரோடு இருக்கிறான் மகளே, நீ சொன்னதுதான் சரி, பதினான்கு சான்றும் சரி. ரசத்தோடு சேர்த்து விழுங்கினேன். ஒரு தரம் அவளே, "என்ன அப்படிப் பாக்கீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, அப்பளம் வேணுமா?" என்றேன்.

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்ததால் எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மனைவிதான் கூடப் போனாள். முந்தின நாள் புத்தகத்தை அவளிடம் கொடுத்து, "பெட்டிக்குள்ள வைக்காத. கைப்பைல, முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்துல வை. அவளா எடுத்தா எடுக்கட்டும். நீ ஒரு வார்த்த பேசக் கூடாது" என்றேன். ரயிலடியில் ஜன்னலோரம் நின்றேன். எவ்வளவோ சொல்ல இருந்தது. "தண்ணி நிறைய குடி" என்றேன். "ஓகே" என்றாள். ரயில் கிளம்பிவிட்டது. திரும்பி வந்து பூட்டைத் திறந்தால் கூலரைக்கூட யாரோ அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அணைத்தது நான்தான். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் மதியம் மூன்று மணி. என் முன்னால் பெரிய கோப்பு ஒன்று, கடைசிப் பக்கம் திறந்தபடி. செல்போன் அடித்தது. மகள். அவளாக எனக்குப் போன் செய்வது அபூர்வம், பயந்துபோய் எடுத்தேன்.

"எப்பா! சாகல! அவன் சாகல! படகுப்பா! படகுதான்!" ரயில் சத்தத்துக்கு மேலே கத்தினாள். பின்னால் யாரோ இந்தியில் என்ன ஆயிற்று என்று விசாரிப்பது கேட்டது. ஒன்றுமில்லை, உயிரோடு இருக்கிறான் என்று அவர்களுக்கும் அவளே பதில் சொன்னாள். "குச் நஹி ஆன்ட்டி, ஜிந்தா ஹை, ஜிந்தா ஹை!"

"அப்படியா!" என்றேன். ஒன்பது நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அப்படியா. "நெஜமாவா? எப்படிம்மா?"

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. ரயில் மட்டும் ஓடியது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நடிக்காதீங்கப்பா" என்றாள்.

"என்ன நடிப்பு?"

"எல்லாப் பக்கத்துலயும் ஒங்க இனிஷியல் இருக்கு. முதல் பக்கத்துலேருந்து. தேதியோட."

நான் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்தேன். சத்தியமாக எனக்குத் தெரியாது.

"ஒரு நாளைக்கு இருவது பக்கம், இருவத்தஞ்சு பக்கம். சண்டைக்கு மறுநாள் ஆரம்பிச்சிருக்கீங்க. கடைசிப் பக்கத்துல மட்டும் ரெண்டு இனிஷியல் இருக்கு. ஒண்ணு அந்தச் சனிக்கிழம. இன்னொண்ணு..." அவள் குரல் என்னவோ ஆயிற்று. "நான் கிளம்பதுக்கு ஒம்பது நாள் முன்னாடி. ஒம்பது நாளா தெரியுமாப்பா ஒங்களுக்கு?"

"ம்" என்றேன்.

"பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எப்படிப் படிப்பே?"

ஏதோ ஒரு பாலத்தின்மேல் ரயில் போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் காத்திருந்தேன்.

"பாவம்ப்பா நீங்க" என்றாள்.

எதிரே கோப்பு திறந்து கிடந்தது. மூடி ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றாள். "அவன் கஞ்சி குடிக்குத பக்கத்துக்கு வந்ததும் ஒங்களுக்கு எப்படி இருந்தது? இல்ல, இருங்க, அத இப்ப சொல்லாதீங்க. முதல்லேருந்து சொல்லுங்க. அவசரம் இல்ல. சென்னை நாளைக்குக் காலைலதான் வரும்."

நான் கிழவி மீனை உலர்த்துகிற இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.